பரணிலிருந்து இறங்கிய வால்வு ரேடியோ: கரண்ட் கொடுப்பதற்கு முன்னால்

கேள்வி கோத்தகிரிப் பக்கத்து வீடு ஒன்றிலிருந்து வந்தது. தாத்தா வாங்கிய வால்வு ரேடியோ முப்பது வருடத்துக்கு மேல் பரணில் கிடந்திருக்கிறது. கடைசியாகப் பாடியபோது பாட்டைவிட உறுமல்தான் அதிகம் கேட்டது என்று அப்பா சொல்கிறாராம். இப்போது கீழே இறக்கித் துடைத்து வைத்திருக்கிறார்கள். ஒருவர், "ப்ளக்கை மாட்டிப் பாருங்கள், பாடினால் பாடட்டும்" என்கிறார். இன்னொருவர், உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு ப்ளூடூத் போர்டு வைத்துத் தருகிறேன் என்கிறார். பவர் சப்ளையில் எதை மாற்ற வேண்டும், எதைத் தொடக் கூடாது, நாமே செய்யலாமா என்பது கேள்வி.

இரண்டு யோசனைகளையும் ஒதுக்கி வையுங்கள். போர்டு வைப்பதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். "மாட்டிப் பார்ப்பது" அதைவிட ஆபத்து. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வால்வு ரேடியோவில் கண்டன்சர், ரெசிஸ்டன்ஸ், வயர், ஏன் வால்வுகூட எங்கேயாவது தேடினால் கிடைத்துவிடும். கிடைக்காதது ஒன்றுதான்: வீட்டுக் கரண்டை (மெயின்ஸ்) வால்வுகளுக்கு வேண்டிய வோல்டேஜாக மாற்றும் மெயின்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மர். அது எரிந்தால் அதே அளவில், அதே ஓட்டைகளில் பொருந்துகிற இன்னொன்று கடையில் இருக்காது. ஆள் பிடித்துச் சுற்ற வேண்டும். மலையில் அந்த ஆளும் இல்லை, கோவைக்கு இறங்க வேண்டும். ஆகவே நாம் மாற்றப்போகும் ஒவ்வொரு உதிரிப்பாகமும் ட்ரான்ஸ்ஃபார்மரைக் காப்பாற்றத்தான் என்று மனதில் வைத்துக்கொண்டால், எதை முதலில் செய்வது என்ற குழப்பமே வராது. உறுமல் நிற்பது அதோடு கூடவே வரும் லாபம்.

சரி, முப்பது வருடத்தில் உள்ளே என்ன ஆகியிருக்கும்? டி.சி.யில் உள்ள அலையைச் சமப்படுத்தும் ஃபில்டர் கண்டன்சர் என்பது அலுமினியத் தகடு. அதன் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கிறது, பக்கத்தில் ஈரமான ரசாயனம் நனைந்த தாள். அந்தப் படலம்தான் 300 வோல்டைத் தாங்குகிறது. தினமும் கரண்ட் கிடைக்கும்வரை படலம் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் படலம் நலிந்துவிடும், ரசாயனமும் காய்ந்துவிடும். திடீரென்று முழு வோல்டேஜைக் கொடுத்தால் கண்டன்சர் கிட்டத்தட்ட ஷார்ட் மாதிரி நடந்துகொள்ளும். ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபயர் வால்வு தன்னால் முடிந்த மட்டும் கரண்டைத் தள்ளும். அதன் பின்னால் ட்ரான்ஸ்ஃபார்மர் சூடேறும். பல பழைய செட்களில் ஃப்யூஸே கிடையாது. எனக்குத் தெரிந்த குன்னூர் வீடு ஒன்றில் இப்படித்தான் "சும்மா ஐந்து நிமிடம்" மாட்டிப் பார்த்தார்கள். பாட்டு வந்திருக்கிறது. எல்லோருக்கும் சந்தோஷம். பத்தாவது நிமிடம் தார் உருகிய வாசனை. நான் போனபோது சேசிஸின் மேல், அதாவது பாகங்களைத் தாங்கும் உலோகத் தட்டின் மேல், கறுப்பாக ஒழுகி உறைந்திருந்தது. பாடியது என்பதால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

இதோடு நம் மலையின் ஈரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடலூர், ஊட்டிப் பக்கம் ஜூனில் பிடித்த மழை. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபருக்குப் பிறகு இன்னொரு மழை. அலமாரியில் வைத்த தோல் செருப்பு ஒரு மாதத்தில் பச்சை பூக்கிற ஊர் இது. ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்றுக்களுக்கு நடுவே இருக்கும் காகிதமும் அதே ஈரத்தைத்தான் குடித்திருக்கும். அதனால் சமவெளியில் இருப்பவர் செய்யாத ஒன்றை நாம் முதலில் செய்ய வேண்டும், உலர்த்துவது. சேசிஸைக் கேபினெட்டிலிருந்து எடுத்து ஒரு பெரிய அட்டைப்பெட்டிக்குள் வைத்து, தள்ளி ஒரு ஓரத்தில் 40 வாட் குண்டு பல்பை எரியவிடுங்கள். மேலே இரண்டு ஓட்டை. பல்பு அட்டையைத் தொடக் கூடாது. வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும் எரியட்டும். இரண்டு மூன்று நாள் பகலில் இப்படி வைத்தால் போதும். கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். காயில்களின் மேலும் கண்டன்சர்களின் மேலும் மெழுகு இருக்கும், உருகிவிடும். எலி கூடு கட்டியிருக்கிறதா, வயரைக் கடித்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

இப்போது மிக முக்கியமான சோதனை. ப்ளக் எங்கும் மாட்டியிருக்கக் கூடாது. ரேடியோவின் சுவிட்சை ஆன் நிலையில் வைத்து, மல்டிமீட்டரை ஓம்ஸில் போட்டு, ப்ளக்கின் ஒரு முள்ளுக்கும் சேசிஸுக்கும் நடுவே அளந்து பாருங்கள். பிறகு இன்னொரு முள்ளுக்கும். இரண்டிலும் மீட்டர் அசையவே இல்லை என்றால் உங்கள் செட்டில் முழு ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, சேசிஸ் மெயின்ஸிலிருந்து பிரிந்திருக்கிறது. ஏதாவது ஒன்றில் சில ஓம், சில நூறு ஓம் என்று காட்டினால், அது சேசிஸிலேயே மெயின்ஸ் ஓடும் செட். யு.ஒய்.85, யு.எல்.84 என்று 'யு' எழுத்தில் தொடங்கும் வால்வுகள் இருந்தால் பெரும்பாலும் அப்படித்தான். உள்ளே ட்ரான்ஸ்ஃபார்மர் மாதிரி ஒன்று தெரிந்தாலும் நம்பாதீர்கள். ஆட்டோ ட்ரான்ஸ்ஃபார்மராக இருக்கலாம், அது எதையும் பிரிக்காது. அந்த வகை செட்டை, மெயின்ஸிலிருந்து பிரித்துக் கரண்ட் தரும் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் திறந்து வேலை செய்யாதீர்கள். இதில் பழக்கம் இல்லாதவர் அந்த வகையைத் தொடவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அதில் நாற்பது வருடமாகப் பாட்டுக் கேட்டவர்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். அப்போது பிளாஸ்டிக் குமிழும் பின்பக்க அட்டையும் நடுவே இருந்தன.

நீங்கள் எழுதிய வால்வு வரிசை ஈ.சி.எச்.81, ஈ.எஃப்.89, ஈ.பி.சி.81, ஈ.எல்.84 (ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வு), ஈ.இசட்.80 (ரெக்டிஃபயர்), அதோடு ட்யூனிங்கைப் பச்சை ஒளியில் காட்டும் மேஜிக் ஐ. ஐம்பதுகளின் பிற்பகுதிக்கோ அறுபதுகளுக்கோ உரிய, முழு ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள செட் என்பதற்கு எல்லா அடையாளமும் இருக்கிறது. இருந்தாலும் மேலே சொன்ன சோதனையைச் செய்துவிடுங்கள். இனி எழுதுவது அந்த வகைக்கு.

அடுத்து, சீரிஸ் பல்பு. எலக்ட்ரீஷியன் எவரிடமும் இருக்கும். இல்லாவிட்டால் ஒரு பலகையில் ஹோல்டரும் சாக்கெட்டும் வைத்து, ஃபேஸ் கம்பி பல்பு வழியாகத்தான் சாக்கெட்டுக்குப் போகும்படி நீங்களே கட்டலாம். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, குண்டு பல்புதான் வேண்டும். 40, 60, 100 வாட்டில் ஒவ்வொன்று எங்கே பார்த்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கடைகளில் குறைந்துகொண்டே வருகிறது. ரேடியோவுக்குள் எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும். வோல்டேஜ் முழுவதும் பல்பிலேயே விழுந்துவிடும், ட்ரான்ஸ்ஃபார்மர் பிழைக்கும்.

எல்லா வால்வையும் கழற்றி எடுத்து, எது எங்கே இருந்தது என்று எழுதி வைத்து, டயல் பல்பையும் எடுத்துவிட்டு, 40 வாட் சீரிஸில் செட்டை மாட்டுங்கள். பல்பு ஒரு கணம் மினுக்கிவிட்டு அணைய வேண்டும், அல்லது இழை மட்டும் மங்கலாகச் சிவந்திருக்கலாம். அப்படியென்றால் ட்ரான்ஸ்ஃபார்மர் நன்றாக இருக்கிறது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் முதலில் மெயின்ஸ் வயர்களுக்கு நடுவே உள்ள பழைய கண்டன்சரைச் சந்தேகப்படுங்கள். அதன் ஒரு காலை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் எரிந்தால் சுற்று ஷார்ட். அப்படியானால் செலவு செய்வதற்கு முன் யோசிக்க வேண்டும். அரை மணி நேரம் இப்படியே விட்டு, ப்ளக்கை உருவிவிட்டு, ட்ரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுப் பாருங்கள். வால்வே இல்லாத நிலையில் அது சூடாகக் கூடாது.

இந்தப் படி தாண்டிவிட்டால் மனம் நிம்மதியாக கண்டன்சர் வேலைக்கு வரலாம்.

ஃபில்டர் கண்டன்சர் பெரும்பாலும் சேசிஸின் மேல் நிற்கும் அலுமினியக் குப்பி. உள்ளே இரண்டு பிரிவு. 50+50 எம்.எஃப்.டி. (மைக்ரோஃபாரட்), 350 வோல்ட் என்றோ, 32+32 என்றோ பக்கத்தில் எழுதியிருக்கும். முதல் பிரிவு ரெக்டிஃபயருக்கு அடுத்தது, அதிக உழைப்பு அதற்குத்தான். நடுவே ஒரு வயர்வவுண்ட் ரெசிஸ்டன்ஸ் அல்லது சோக் (இரும்பு மேல் சுற்றிய காயில்), அப்புறம் இரண்டாவது பிரிவு.

கணக்கு எளிது. உங்கள் செட் ஹெச்.டி.யில், அதாவது வால்வுகளுக்குப் போகும் உயர் டி.சி. வோல்டேஜில், ஏறத்தாழ 70 மில்லியாம்ப் இழுக்கும். ஃபுல்வேவ் ரெக்டிஃபயர் என்பதால் வினாடிக்கு 100 முறை கண்டன்சர் நிரம்புகிறது. 50 எம்.எஃப்.டி. இருந்தால் இரண்டு நிரப்பலுக்கு நடுவே வோல்டேஜ் அதிகபட்சம் 14 வோல்ட் இறங்கும். அந்தப் 14-ஐ அடுத்த ரெசிஸ்டன்ஸும் கண்டன்சரும் அரை வோல்ட் அளவுக்குத் தட்டிவிடும். காய்ந்துபோய் 5 எம்.எஃப்.டி. மட்டும் மிஞ்சியிருந்தால்? முதல் இறக்கமே பத்து மடங்கு. அடுத்த பிரிவும் காய்ந்திருக்கும், அதுவும் தட்டாது. உங்கள் அப்பா கேட்ட உறுமல் இதுதான். அந்த உறுமலின் சுருதியைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். 100 ஹெர்ட்ஸ் உறுமல் ஃபில்டர் கண்டன்சரிலிருந்து வரும். அதைவிடக் கட்டையான 50 ஹெர்ட்ஸ் என்றால் ரெக்டிஃபயரின் ஒரு பாதி வேலை செய்யவில்லை, அல்லது ஏதோ ஒரு வால்வில், சூடாக்கும் இழையான ஹீட்டருக்கும் அது சூடாக்கும் கேத்தோடுக்கும் நடுவே கசிவு.

மாற்றுவதற்கு 47 எம்.எஃப்.டி., 450 வோல்ட், 105 டிகிரி என்று கேட்டு வாங்குங்கள். 50-க்கு 47 போடலாமா என்று பயப்பட வேண்டாம், பழைய கண்டன்சர்களின் அளவு ஏகத்துக்கு முன்பின் இருந்தது. 32-க்கு 33, 16-க்கு 22, 8-க்கு 10. ஆனால் வோல்டேஜில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 250-0-250 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மரின் உச்சம் 353 வோல்ட். ஏதோ காரணத்தால் ஈ.எல்.84 கரண்ட் இழுக்காமல் போனால் ஹெச்.டி. அந்த உச்சத்துக்கே ஏறி நிற்கும். 350 வோல்ட் கண்டன்சருக்கு அப்போது மூச்சுவிட இடமில்லை. அதனால்தான் 450.

எம்.எஃப்.டி. கூடக் கூட நல்லது என்று நினைத்து 220 போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். உறுமல் சுத்தமாகப் போகிறது, கொஞ்ச நாளில் ரெக்டிஃபயரும் போகிறது. ஈ.இசட்.80-க்கு முதல் கண்டன்சர் 50 எம்.எஃப்.டி.யைத் தாண்டக் கூடாது என்பது வால்வு செய்தவர்களே கொடுத்த வரம்பு. கண்டன்சர் பெரிதாக இருந்தால் ஒவ்வொரு நிரப்பலும் மிகக் குறுகிய நேரத்தில் உயரமான கரண்ட் அடியாக விழும். அதைக் கேத்தோடு தாங்காது, ட்ரான்ஸ்ஃபார்மரும் வீணாகச் சூடாகும். உறுமல் கொஞ்சம் மீதியிருந்தால் இரண்டாவது பிரிவைப் பெரிதாக்குங்கள், முதலாவதைத் தொடாதீர்கள்.

வாங்கும் இடத்தில் ஒரு எச்சரிக்கை. சென்னை ரிச்சி தெருவிலோ கோவையிலோ வாங்கினாலும், பழைய இருப்பைத் தள்ளிவிடுகிறார்களா என்று கேட்டு, புதிய சரக்காக வாங்குங்கள். பத்து வருடம் தட்டில் கிடந்த "புதுக் கண்டன்சரை"ப் போடுவதில் அர்த்தமே இல்லை. ஒரே அளவு, ஒரே வோல்ட் போட்ட இரண்டில் ஒன்று கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி லேசாக இருந்தால் அதை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பழைய குப்பியை என்ன செய்வது? சேசிஸின் அழகு அதில் இருக்கிறது, எடுத்தெறிய வேண்டாம். எளிய வழி, குப்பியை இடத்திலேயே விட்டுவிட்டு, அதன் கால்களில் இருந்த வயர்களையெல்லாம் எடுத்து, சேசிஸின் அடியில் ஒரு டேக் ஸ்ட்ரிப் (பற்றவைக்கும் முனைகள் உள்ள சின்னப் பட்டை) பொருத்தி அதில் புதுக் கண்டன்சர்களை வைப்பது. பழையதின் காலோடு புதியதைச் சேர்த்துப் பற்றவைப்பது மட்டும் கூடவே கூடாது. பழையதின் கசிவு அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். பொறுமை இருந்தால் குப்பியின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே மெல்லிய ரம்பத்தால் சுற்றி அறுத்து, உள்ளே இருக்கும் சுருளை வெந்நீரில் வைத்து இளக்கி இழுத்துவிட்டு, புது 47-கள் இரண்டை உள்ளே நிறுத்தி மூடலாம். இன்றைய கண்டன்சர் கட்டைவிரல் அளவுதான், தாராளமாக நுழையும். கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இங்கே நான் சறுக்கிய இடத்தைச் சொல்ல வேண்டும். ஆரம்ப காலத்தில் ஒரு செட்டில் இரண்டு கண்டன்சரின் மைனஸையும் சேசிஸில் பற்றவைத்தேன். மைனஸ் என்றால் சேசிஸ்தானே என்ற நினைப்பு. உறுமல் குறையவில்லை, ஈ.எல்.84 மட்டும் தொட முடியாத சூடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வயரைப் பின்தொடர்ந்த பிறகுதான் புரிந்தது. அந்த செட்டில் ட்ரான்ஸ்ஃபார்மரின் நடு டேப் (ஹெச்.டி. சுற்றின் நடுவிலிருந்து வரும் வயர்) நேராக சேசிஸுக்குப் போகவில்லை, ஒரு சின்ன ரெசிஸ்டன்ஸ் வழியாகப் போனது. மொத்த கரண்டும் அதில் ஓடி உண்டாகும் சில மைனஸ் வோல்ட்தான் அவுட்புட் வால்வின் கரண்டைக் கட்டுக்குள் வைக்கும் பயாஸ். முதல் கண்டன்சரின் மைனஸ் அந்த நடு டேப்பில் நிற்க வேண்டும். நான் அதைச் சேசிஸில் வைத்ததால், நிரப்பும் கரண்ட் எல்லாம் அந்த ரெசிஸ்டன்ஸ் வழியே துடித்துக்கொண்டு போய் பயாஸையே கலக்கிவிட்டது. அடையாளம் என் கண் முன்னாலேயே இருந்தது. குப்பியைச் சுற்றி ஒரு அட்டை உறை, அடியில் ஒரு ஃபைபர் வளையம். குப்பியின் உடல் சேசிஸைத் தொடாமல் இருக்கத்தான் அவற்றை வைத்திருந்தார்கள். உங்கள் குப்பியிலும் அப்படி உறையோ வளையமோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், பழைய மைனஸ் எங்கே போனதோ புதியதும் அங்கேதான். ஒரு வயரை எடுப்பதற்கு முன் போனில் நான்கு பக்கமிருந்தும் படம் எடுத்துவிடுங்கள். எங்கள் காலத்தில் பென்சிலால் வரைந்தோம், பாதி புரியாது.

ஃபில்டரை மாற்றியதும் ப்ளக்கை மாட்டக் கை பரபரக்கும். பொறுங்கள். பவர் சப்ளையில் சேராத, ஆனால் பவர் சப்ளையைக் கொல்கிற ஒரு சின்னக் கண்டன்சர் இருக்கிறது. ஈ.பி.சி.81-இன் ப்ளேட்டிலிருந்து (பாட்டு வெளியே வரும் முனை) ஈ.எல்.84-இன் க்ரிட்டுக்கு (பாட்டு உள்ளே போகும் முனை) போவது, 0.01 அல்லது 0.02 எம்.எஃப்.டி., மெழுகு பூசிய காகித உருளை. பாட்டு மட்டும் போக வேண்டும், டி.சி. போகக் கூடாது. அது கசிந்தால் க்ரிட்டில் ப்ளஸ் வோல்ட் ஏறும், ஈ.எல்.84 தறிகெட்டுக் கரண்ட் இழுக்கும். கணக்காக அது 48 மில்லியாம்ப் ப்ளேட்டிலும் ஐந்தரை ஸ்க்ரீனிலும் இழுக்க வேண்டிய வால்வு. அது 80, 90 என்று போனால், மொத்தத்தில் 90 மில்லியாம்புக்கு மட்டுமே படைத்த ஈ.இசட்.80 என்ன செய்யும்? வால்வின் ப்ளேட் இருட்டில் சிவப்பாகத் தெரியும். இதுவரை பழைய காகிதக் கண்டன்சர் கசியாமல் இருந்து நான் பார்த்தது மிக அபூர்வம். ஒரு முழு ரேடியோவில் ஒரே ஒரு பொருளை மாற்றத்தான் அனுமதி என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் மாற்றுவேன், ஃபில்டரைக்கூட இல்லை. 630 வோல்ட் பாலியெஸ்டர் கண்டன்சர், பத்து ரூபாய் சமாசாரம். அதே வாக்கில் மற்ற காகித உருளைகளையும் மாற்றிவிடுங்கள். வட்டத் தட்டு மாதிரி இருக்கும் செராமிக்கையும், வெள்ளி மைக்காவையும் விட்டுவிடலாம்.

மெயின்ஸ் வயர்களுக்கு நடுவே இருக்கும் கண்டன்சருக்குப் பாலியெஸ்டர் போடாதீர்கள். அங்கே எக்ஸ்2 என்று அச்சிட்டதுதான் வேண்டும். மெயின்ஸிலிருந்து சேசிஸுக்குப் போவது இருந்தால் ஒய்2. இவை பழுதானால் தீப்பிடிக்காமல், ஷார்ட் ஆகாமல் இருக்கும்படி செய்தவை. வேண்டாம் என்றால் எடுத்தே விடலாம், ரேடியோ பாடும்.

ரெக்டிஃபயர் வால்வை எடுத்துவிட்டு டயோடு போடச் சொல்வார்கள். 1 என் 4007 இரண்டு, சில ரூபாய். எனக்கு அதில் சம்மதமில்லை. ஈ.இசட்.80 மெதுவாகச் சூடாகி, மற்ற வால்வுகளும் தயாரான பிறகு ஹெச்.டி.யைக் கொடுக்கிறது. டயோடு ஸ்விட்சைத் தட்டிய அந்த நொடியே 350 வோல்டைத் தூக்கி நிறுத்தும். ஓடும்போதும் வால்வைவிட இருபது முப்பது வோல்ட் அதிகமாகத் தரும், அவ்வளவும் பழைய பாகங்களின் தலையில் விழும். வால்வே கிடைக்காத நிலை வந்தால் மட்டும் டயோடு வையுங்கள், கூடவே ஒவ்வொன்றுக்கும் நூறு நூற்றைம்பது ஓம் வயர்வவுண்ட் ரெசிஸ்டன்ஸ் சேருங்கள். சிறிய செட்களில் தகடு தகடாக அடுக்கிய செலினியம் ரெக்டிஃபயர் இருக்கும். அதை மட்டும் தயங்காமல் மாற்றுங்கள். எரிந்தால் அழுகிய பூண்டு நாற்றம் அடிக்கும், அந்தப் புகை விஷம், ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய்விட வேண்டும்.

வயரும் ஃப்யூஸும். துணி சுற்றிய பழைய வயரின் உள்ளே ரப்பர் பொடியாகியிருக்கும், மடக்கினால் உதிரும். முழு ட்ரான்ஸ்ஃபார்மர் செட் என்பதால் மூன்று கம்பி வயர் போட்டு எர்த்தைச் சேசிஸில் கட்டலாம். பழைய எஸ்டேட் குவார்ட்டர்ஸ் என்றால் சாக்கெட்டின் எர்த் ஓட்டைக்குப் பின்னால் நிஜமாகவே எர்த் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஃபேஸ் பக்கம் அரை ஆம்பியர் ஸ்லோ ப்ளோ ஃப்யூஸ். செட் எடுப்பது 50 வாட் சுமார், அதாவது கால் ஆம்பியருக்கும் குறைவு. பின்னால் வோல்டேஜ் மாற்றும் தட்டு ஒன்று இருக்கும், 110, 200, 220, 245 என்று. அதை 245-இல் வையுங்கள். நம் ஊரில் சாயங்காலம் 190-க்கு விழுந்து, எல்லோரும் தூங்கிய பிறகு 245-க்கு ஏறுவது உங்களுக்கே தெரியும். கொஞ்சம் குறைவாக ஓடினால் ரேடியோவுக்கு நஷ்டமில்லை. மழையில் மரம் விழுந்து கரண்ட் போய்த் திரும்பும்போது ப்ளக் மாட்டியிருக்கக் கூடாது. இன்வெர்ட்டரிலும் ஓட்ட வேண்டாம்.

கைவைக்கும்போது ஒன்று. அணைத்த பிறகும் கண்டன்சரில் 300 வோல்ட் நிற்கும். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டன்ஸின் இரு முனையிலும் க்ளிப் கட்டி, ப்ளஸிலும் சேசிஸிலும் மாட்டி, ஐந்து எண்ணி எடுத்து, மீட்டரில் பார்த்த பிறகு தொடுங்கள். ஸ்க்ரூ ட்ரைவரால் தட்டி வெடிக்கவைப்பது புதுக் கண்டன்சருக்கு நல்லதில்லை. ஓடும் செட்டை அளக்கும்போது இடது கை பாக்கெட்டில் இருக்கட்டும். காலடியில் ரப்பர் விரிப்பு, மழைநாளில் சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள்.

எல்லாம் முடிந்தால், வால்வுகளைப் போட்டு, முதலில் 60 வாட் சீரிஸில் மாட்டுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து, மெல்ல மங்கி, வால்வுகள் சூடானதும் கொஞ்சம் கூடி நிற்கும். ஹெச்.டி. குறைவாகத்தான் காட்டும், பாட்டும் மெலிதாக வரலாம். பத்து நிமிடம் நிலையாக இருந்தால் 100 வாட், அப்புறம் நேரடி. உடனே மூன்று இடத்தில் அளக்க வேண்டும். முதல் கண்டன்சரில் 260-லிருந்து 290 வோல்டுக்குள் இருக்கலாம். ஈ.எல்.84 க்ரிட்டில் ப்ளஸ் வோல்ட் இருக்கவே கூடாது. அதன் கேத்தோடில் 135 ஓம் போட்ட வழக்கமான அமைப்பென்றால் 7 வோல்ட் சுமார். கேத்தோடில் 10, 12 என்று காட்டினால் அணைத்துவிடுங்கள், கரண்ட் கூடுதலாக ஓடுகிறது. ஒரு மணி நேரம் பாடிய பிறகு ட்ரான்ஸ்ஃபார்மர் கைவைக்க முடிகிற சூட்டில் இருக்க வேண்டும். கை பொறுக்கவில்லை என்றால் எங்கோ இன்னும் வேலை இருக்கிறது.

இன்னொரு வகையையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். பைகாரா மின்நிலையம் 1932-லேயே ஓடத் தொடங்கினாலும், எஸ்டேட் லைன் வீடுகளுக்கும் உள்ளே தள்ளியிருந்த ஹட்டிகளுக்கும் (படகர் ஊர்கள்) கரண்ட் வர வெகுகாலம் ஆனது. அதனால் மலையில் பேட்டரி வால்வு செட்களும் கிடைக்கின்றன. அவற்றின் இழைக்கு 1.4 வோல்ட், ஹெச்.டி.க்கு 90 வோல்ட். பின்னால் நாலு ஓட்டைச் சாக்கெட் இருந்தால் அதில் எதையும் மாட்டிப் பார்க்காதீர்கள். இரண்டு வோல்டும் இடம் மாறினால் எல்லா வால்வும் ஒரே நொடியில் போய்விடும்.

ப்ளூடூத் போர்டு விஷயம். வேண்டாம். போனிலிருந்து பாட்டு வர வேண்டும் என்றால் செட்டின் பின்னால் பிக்கப் என்று இரண்டு ஓட்டை இருக்கும், கிராமஃபோனுக்காக வைத்தது. முழு ட்ரான்ஸ்ஃபார்மர் செட் என்பதால் அதில் ஒரு வயர் போட்டுப் போனை இணைக்கலாம், ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற வேண்டாம். எஃப்.எம். எதிர்பார்க்காதீர்கள். கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸ், உங்கள் டயலில் அந்த எண்ணே இல்லை. மீடியம் வேவில் தேடுங்கள். டயல் மீட்டரில் இருந்தால், கோவை வானொலியின் 999 கிலோஹெர்ட்ஸ் சரியாக 300 மீட்டர் கோட்டில் விழும், திருச்சியின் 936 அதற்குச் சற்றுத் தள்ளி 320-இல். எல்.இ.டி. பல்புகளையும் போன் சார்ஜர்களையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள், பாதி இரைச்சல் அவற்றிலிருந்துதான். ஏரியலுக்குப் பத்து மீட்டர் வயர் போதும், இடி மின்னல் நாளில் கழற்றிவிடுங்கள்.

பழைய மெக்கானிக்குகள் சிலர் கேபினெட்டின் உள்பக்கப் பலகையில் பென்சிலால் எழுதி வைத்திருப்பார்கள். எந்த வால்வு, எந்தத் தேதி, எத்தனை வோல்ட். எனக்கு எத்தனையோ செட்களில் அது வழிகாட்டியிருக்கிறது. உங்கள் செட்டிலும் டார்ச் அடித்துத் தேடிப் பாருங்கள். மூடுவதற்கு முன் உங்கள் மூன்று அளவுகளையும், மாற்றிய கண்டன்சர்களையும், தேதியையும் அதன் கீழேயே எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், ஈரத்தில் பரவும். பென்சில்தான்.